மலைக்கும் அதே கடிகாரமா?

*ஏற்காட்டின் ஊராட்சி ஊழியர்களைச் செயலிகள் அளக்கின்றன. அந்த அளவுகோலை யார் அளப்பது?*

மழைக்காலத்துக் காலை ஒன்றை மனதில் நிறுத்திக்கொள்வோம். சேர்வராயன் மலைச் சரிவில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஓர் ஓடைக்கரை. நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் மண்வெட்டியும் கடப்பாரையுமாக நிற்கிறார்கள். பத்தடி தள்ளி நிற்கும் சில்வர் ஓக் மரம் தெரியவில்லை. அதில் ஏறிய மிளகுக் கொடியும் தெரியவில்லை. பனி அப்படி இறங்கியிருக்கிறது. பணித்தளப் பொறுப்பாளர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொல்லி, தன் சொந்தப் போனை உயர்த்திப் படம் எடுக்கிறார். படத்தில் முகங்களைவிட வெள்ளைதான் அதிகம். இனி அது சர்வருக்குப் போய்ச் சேர வேண்டும். சிக்னல் ஒரு கோடு வருகிறது, போகிறது. அவர் மேட்டுப் பாறைக்கு ஏறுகிறார். மதியத்துக்கு மேல் இதே காட்சி இன்னொரு முறை நடந்தாக வேண்டும்.

அன்று எத்தனை அடிக்கு வரப்பு எழுந்தது, அடுத்த மழைக்கு அது நிற்குமா என்ற கேள்வி அந்தப் படம் ஏறும் செயலியில் இல்லை. அதற்கு ஓவர்சியர் அளவுப் புத்தகத்தோடு பின்னால் வருவார். ஆனால் ஒன்றிய அலுவலகத்திலும் மாவட்டத்திலும் டெல்லியிலும் அன்றாடம் திரையில் தெரிவது படமும் தலைக்கணக்கும்தான். படம் ஏறவில்லை என்றால் அந்த நாளின் கூலியே கேள்விக்குள்ளாகும். 2025-26இல் தமிழ்நாட்டில் அந்தக் கூலி 336 ரூபாய். படம் எடுத்தவர் ஒருவர், சிக்னல் கொடுக்க வேண்டியவர் வேறொருவர். இழப்பு மட்டும் மண் வெட்டியவருக்கு.

உள்ளாட்சி ஊழியர்களின் பணியை டிஜிட்டலாகக் கண்காணிப்பதும் மதிப்பிடுவதும் தேவையா என்ற பேச்சு ஊழியர் சங்கக் கூட்டங்களில் தொடங்கி டீக்கடை வரை வந்துவிட்டது. தேவை என்பதே என் கட்சி. ஆனால் இன்று கையில் இருக்கும் முறைகள் தவறான பொருளை அளக்கின்றன. அளந்ததைத் தவறான திசைக்கு அனுப்புகின்றன. ஊழியரின் உடம்பு எங்கே இருந்தது என்று பார்த்து மேலே சொல்கின்றன. அவர் வேலை ஊர்க்காரரிடம் போய்ச் சேர்ந்ததா என்று கீழே யாரையும் கேட்பதில்லை. சமவெளியில் இந்தப் பிழை ஓரளவு மறைந்து கிடக்கும். ஏற்காடு போன்ற மலையில் அதற்கு மறைய இடமில்லை.

ஒரு போனுக்குள் எத்தனை மேலதிகாரிகள்

வரலாறு நீளமானது அல்ல. நூறு நாள் வேலைக்கான என்.எம்.எம்.எஸ். என்ற கைப்பேசிக் கண்காணிப்புச் செயலியை மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2021 மே மாதம் கொண்டுவந்தது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தளங்களில் 2022 மே 16 முதலும், தனிநபர் பயன்பெறும் பணிகள் நீங்கலாக எல்லாத் தளங்களிலும் 2023 ஜனவரி 1 முதலும் அது கட்டாயமானது. நாளுக்கு இரண்டு படங்கள். ஒவ்வொன்றிலும் இடமும் நேரமும் பதிவாகும். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு 2021 மார்ச் முதல் போஷன் டிராக்கர். 2025 ஜூலை முதல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவுக்குத் தாயின் முகத்தையும் போனில் பதிவுசெய்ய வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியருக்குக் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பின்தொடரும் பிக்மி. மாநில அரசு ஊழியர்களின் சம்பளம், விடுப்பு, பணிப்பதிவேடு எல்லாம் களஞ்சியம் தளத்துக்குள் போய்விட்டன. இவற்றுக்கெல்லாம் மேலே, எந்த அரசாணையிலும் இல்லாத ஒரு மேலாண்மை முறை உண்டு: வாட்ஸ்அப் குழு. காலையில் படம், மாலையில் அறிக்கை, இரவில் 'ஏன் இன்னும் வரவில்லை' என்ற கேள்வி.

அங்கன்வாடிப் பணியாளரும் செவிலியரும் ஊராட்சியின் நேரடி ஊழியர்கள் அல்லர் என்பது உண்மைதான். ஆனால் ஏற்காட்டு மலையின் நாகலூரிலோ மாரமங்கலத்திலோ வாழும் ஒரு குடும்பத்துக்கு அரசாங்கம் என்றால் ஊராட்சிச் செயலர், தண்ணீர் திறந்துவிடுபவர், தூய்மைக் காவலர், அங்கன்வாடி டீச்சர், நர்ஸம்மா ஆகிய ஐந்தாறு முகங்கள்தான். எந்தத் துறை யாருக்குச் சம்பளம் தருகிறது என்பது அவர்கள் கவலை இல்லை. ஆகவே இவர்கள் எல்லோரையும் சேர்த்தே இங்கே பேசுகிறேன்.

> பெட்டிச் செய்தி: மலையின் கணக்கு
>
> சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு.
>
> ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தில் 9 கிராம ஊராட்சிகள். குக்கிராமங்கள் தோட்டங்களுக்கும் சரிவுகளுக்கும் இடையே சிதறிக் கிடக்கின்றன. மக்களில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர்.
>
> தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதிகள் 2. ஏற்காடு ஒன்று, சேந்தமங்கலம் மற்றொன்று.
>
> துணை சுகாதார நிலையம்: சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலை, பழங்குடிப் பகுதிகளில் 3,000 பேருக்கு ஒன்று.
>
> அங்கன்வாடி மையம்: சமவெளியில் 400 முதல் 800 பேருக்கு ஒன்று, மலையில் 300 பேர் இருந்தாலே போதும். 150 பேர் வாழும் குடியிருப்புக்கும் குறு மையம் உண்டு.

அந்தப் பெட்டியின் கடைசி இரண்டு வரிகளைத் திரும்பப் படிக்க வேண்டுகிறேன். மலையில் நடப்பதற்கு அதிக நேரம் ஆகும், ஆகவே ஒருவர் பார்க்க வேண்டிய ஆட்களின் எண்ணிக்கை குறைய வேண்டும் என்பதை நம் அரசு எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. கணினி இல்லாத காலத்துக் காகித விதிகளில் மலைக்கு ஓர் இடம் இருந்தது. செயலி வந்தபோது அந்த இடம் காணாமல் போயிற்று. தஞ்சாவூர் வயல்வெளியில் ஒரே தெருவில் முடிந்துவிடும் ஊராட்சிக்கும், ஒரு குக்கிராமத்திலிருந்து அடுத்ததைக் கண்ணால் பார்க்க முடிந்தாலும் பள்ளத்தில் இறங்கி ஏறித்தான் போக முடிகிற ஊராட்சிக்கும் ஒரே நேர வரம்பு, ஒரே பச்சை, ஒரே சிவப்பு. நிலத்தின் குற்றம் ஊழியரின் மதிப்பெண்ணில் விழுகிறது.

வந்தாரா என்பதும் செய்தாரா என்பதும்

கண்காணிப்புக் கருவி பலன் தருமா என்பது ஊகிக்க வேண்டிய விஷயம் இல்லை. நம் நாட்டிலேயே நன்றாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ராஜஸ்தானின் உதய்ப்பூர் பகுதியில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய ஓராசிரியர் பள்ளிகளில், தேதியும் நேரமும் பதிகிற கேமராவை ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். பாடம் தொடங்கும்போது ஒரு படம், முடியும்போது ஒரு படம். அதைப் பொறுத்துச் சம்பளம். எஸ்தர் டுஃப்லோ, ரேமா ஹன்னா, ஸ்டீபன் ரயன் மூவரும் செய்த அந்த ஆய்வில், கேமரா இல்லாத பள்ளிகளில் ஆசிரியர் வராத நாட்கள் 42 விழுக்காடு. கேமரா உள்ள பள்ளிகளில் 21. பிள்ளைகளின் மதிப்பெண்ணும் உயர்ந்தது. செயலியை ஆதரிப்பவர்கள் சொல்லக்கூடிய மிகச் சிறந்த சான்று இதுதான். இதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

அதே உதய்ப்பூரில், அதே நிறுவனத்தின் துணையோடு, அரசுச் செவிலியர்களிடம் நேரம் பதியும் இயந்திரத்தை வைத்துப் பார்த்தபோது கதை வேறாக முடிந்தது. அபிஜித் பானர்ஜி, டுஃப்லோ, ரேச்சல் கிளெனெர்ஸ்டர் 2008இல் வெளியிட்ட முடிவு இது: தொடக்க மாதங்களில் வருகை நன்றாகக் கூடியது, 16 மாதங்களில் கண்காணிக்கப்பட்டவருக்கும் கண்காணிக்கப்படாதவருக்கும் வித்தியாசமே இல்லாமல் போயிற்று. 'இன்று வேறு பணி' என்று சுகாதார நிர்வாகமே விலக்குகளை வழங்கிக்கொண்டே போனதுதான் காரணம். கர்நாடகத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கைரேகைக் கருவி வைத்தபோது செவிலியர்களும் மருந்தாளுநர்களும் லேப் டெக்னீஷியன்களும் கூடுதலாக வந்தார்கள், குறைந்த எடையோடு பிறக்கும் குழந்தைகளும் குறைந்தார்கள். ஆனால் மருத்துவர்களின் வருகை அசையவில்லை. கருவி ஒன்றே, பதவி இறங்க இறங்க அதன் பிடி இறுகியிருக்கிறது.

மூன்று ஆய்வுகளையும் அடுத்தடுத்து வைத்தால் எனக்குத் தெரிவது இது. ஓராசிரியர் பள்ளியில் ஆசிரியர் வருவதே பாதி சேவை. அவர் வராவிட்டால் பள்ளியே இல்லை. அங்கே கேமரா அளந்த பொருளும் ஊருக்குத் தேவையான பொருளும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. ஊராட்சிச் செயலரின் வேலை அப்படிப்பட்டதா? காலையில் வாழவந்தியில் ஒரு மோட்டார் பழுது, பிறகு ஒன்றிய அலுவலகத்தில் ஒரு கூட்டம், மாலையில் முதியோர் உதவித்தொகை நின்றுபோன பாட்டியின் வீடு. நர்ஸம்மாவின் வேலை நடக்கும் வேலை. இவர்கள் ஓரிடத்தில் இருந்தார்களா என்று பார்ப்பது, மீனவர் கரையில் இருந்தாரா என்று பார்ப்பதைப் போன்றது.

பல வகைப் பணிகளைக் கலந்து செய்யும் ஊழியர்களைப் பற்றி இன்னொரு முக்கியமான ஆய்வு நைஜீரியாவிலிருந்து வந்தது. இம்ரான் ரசூல், டேனியல் ராஜர் இருவரும் அந்நாட்டு அரசுத் துறைகள் எடுத்த சுமார் 4,700 திட்டங்களைப் பின்தொடர்ந்தார்கள். முடிவெடுக்கும் உரிமை ஊழியருக்குக் கூடுதலாக இருந்த துறைகளில் திட்டங்கள் அதிகம் நிறைவேறின. கண்காணிப்பும் ஊக்கத்தொகையும் இறுகிய துறைகளில் நிறைவேறிய திட்டங்கள் குறைந்தன. நைஜீரியா வேறு, நாம் வேறு. இருந்தாலும், மூடுபனியில் நிற்கும் ஒரு பணித்தளப் பொறுப்பாளருக்கு 'இன்று வலையமைப்பு இல்லை, காகிதத்தில் வருகை எடுக்கிறேன்' என்று சொல்லும் உரிமைகூட இல்லை என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். விதிவிலக்கு அளிக்கும் அதிகாரம் மாவட்ட அளவில் இருக்கிறது. அதாவது ஆட்சியரிடம். வலையமைப்பு இல்லை என்ற செய்தியை ஆட்சியருக்குத் தெரிவிக்கவும் வலையமைப்பு வேண்டும்.

படத்தைப் படம் எடுத்தல்

கண்காணிப்பின் விளைவு என்ன என்பதை மத்திய அரசே எழுதி வைத்திருக்கிறது. 2025 ஜூலை 8 தேதியிட்ட சுற்றறிக்கையில் ஊரக வளர்ச்சி அமைச்சகம் என்.எம்.எம்.எஸ். செயலியில் நடக்கும் முறைகேடுகளைப் பட்டியலிட்டது. வேலைக்குத் தொடர்பே இல்லாத படங்கள் ஏற்றப்படுகின்றன. நேரில் எடுக்காமல் ஏற்கெனவே இருக்கும் படத்தையே படம் எடுத்து அனுப்புகிறார்கள். பட்டியலில் உள்ள எண்ணிக்கைக்கும் படத்தில் உள்ள தலைகளுக்கும் பொருத்தமில்லை. ஆண், பெண் கணக்கு மாறுகிறது. ஒரே ஆட்கள் பல பட்டியல்களில் தோன்றுகிறார்கள். மதியப் படமே இல்லாத தளங்களும் உண்டு. இதற்கு அமைச்சகம் கண்ட மருந்து, ஒவ்வொரு படத்தையும் ஊராட்சி அளவில் நூற்றுக்கு நூறு கண்ணால் சரிபார்க்க வேண்டும், மேலுள்ள அலுவலகங்கள் அவற்றில் ஒரு பங்கைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது.

இதை நிதானமாக யோசிக்க வேண்டும். மனிதர்கள் எழுதும் மஸ்டர் ரோல் என்ற வருகைப் பட்டியலை நம்ப முடியாது என்று இயந்திரம் வந்தது. இயந்திரம் அனுப்புவதை நம்ப முடியாது என்று மறுபடி மனிதர்களை உட்கார வைத்திருக்கிறோம். உட்காருபவர் யார்? ஏற்கெனவே குடிநீருக்கும் வரிக்கும் தெருவிளக்குக்கும் ஓடுகிற அதே ஊராட்சிச் செயலர். பயனாளி வீட்டுக்கு அவர் நடக்க வேண்டிய நேரத்தில் படங்களில் தலைகளை எண்ணுகிறார். செயலி காகிதத்தைக் குறைத்தது உண்மை. வேலையைக் குறைத்ததா என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க யாரும் கருவி செய்யவில்லை.

இன்னொரு விளைவு கண்ணுக்கு எளிதில் புலப்படாதது. எனக்கு அதுதான் அதிகக் கவலை தருகிறது. எண்ணிக்கையை வைத்து மதிப்பிட்டால் உண்மை சொல்பவர் தோற்கிறார். ஓர் அங்கன்வாடிப் பணியாளர் தன் மையத்துப் பிள்ளைகள் எல்லோரையும் ஒழுங்காக எடை பார்த்து, உயரம் அளந்து பதிவுசெய்தால் அவர் மையத்தில் ஊட்டமில்லாத பிள்ளைகள் கூடுதலாகத் தெரிவார்கள். பக்கத்து மையத்தில் பழைய எண்ணையே திரும்ப அடித்தால் எல்லாம் பச்சை. ஆய்வுக் கூட்டத்தில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கப்படுபவர் முதலாமவர். இரண்டு மூன்று கூட்டங்களுக்குப் பிறகு அவரும் எதைக் கற்றுக்கொள்வார்? அப்படியொரு நாளில் மலைக் குடியிருப்பு ஒன்றில் ஒரு பிள்ளையின் மெலிவு திரையிலிருந்து அழிகிறது. பிள்ளையின் உடம்பிலிருந்து அழிவதில்லை. செயலியின் முதல் செலவு தரவுக் கட்டணம் என்று நினைக்கிறோம். தரவின் உண்மையே அதன் முதல் செலவு.

போன் விஷயமும் சின்னதல்ல. 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசு கொடுத்த போன்களைக் கூட்டம் கூட்டமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். பழசாகிப்போன கருவியில் புதிய செயலி ஓடவில்லை. சண்டிகர், நாக்பூர் போன்ற நகரங்களில் தூய்மைப் பணியாளர்களின் மணிக்கட்டில் இடம் காட்டும் ஜி.பி.எஸ். கடிகாரத்தைக் கட்டினார்கள். இடைவேளையில் கழிப்பறைக்குப் போவதும் வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும் என்பதை எதிர்த்து அவர்கள் போராடினார்கள். தெருவைக் கூட்டுபவரின் கையில் கடிகாரம் கட்டும் நிர்வாகம், தெருவுக்குக் குப்பைத்தொட்டி கொடுத்த நாளை எங்கே பதிகிறது?

> பெட்டிச் செய்தி: மதிப்பெண் பட்டியலில் ஊராட்சிகள்
>
> ஊராட்சி முன்னேற்றக் குறியீடு, 2022-23ஆம் ஆண்டுக்கானது, 2025 ஏப்ரலில் வெளியானது.
>
> நாடு முழுவதும் தரவு சரிபார்க்கப்பட்ட ஊராட்சிகள்: 2,16,285.
>
> 90க்கு மேல் எடுத்தவை: ஒன்றுகூட இல்லை.
>
> அடுத்த நிலையான முன்னோடி ஊராட்சிகள்: 699.
>
> செயல்படுபவை: 77,298. முயல்பவை: 1,32,392. தொடக்க நிலை: 5,896.

கீழே கேட்க ஆளில்லாத காலம்

இந்த விவாதம் இப்போது கூர்மையடையக் காரணம் இருக்கிறது. சேலம் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை; தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். ஏற்காட்டின் 9 ஊராட்சிகளும் இதில் அடங்கும். தலைவர், வார்டு உறுப்பினர் என்று ஊருக்குள் ஒரு குரல் இருந்தவரை, 'தண்ணீர் வரவில்லை' என்ற புகார் ஒரு ஆளின் வீட்டுத் திண்ணைக்குப் போகும். அவர் நல்லவரோ இல்லையோ, அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்க வரவேண்டியவர். அந்தக் குரல் நின்றபின் ஊழியருக்கு எஞ்சியிருக்கும் ஒரே மேற்பார்வை திரைதான். திரையோ மேல்நோக்கி மட்டும் பேசுகிறது.

கீழிருந்து மேலே போகும் கணக்கு இவ்வளவு துல்லியமாக இருக்க, மேலிருந்து கீழே வர வேண்டியதற்கு அந்தத் துல்லியம் இல்லை. வேலை செய்து 15 நாட்களுக்குள் கூலி என்பது 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாக்கு. 2025 மார்ச் மாதம் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய நூறு நாள் வேலை நிதி 4,034 கோடி ரூபாய் நிலுவையில் இருப்பதாகச் சொல்லி மாநிலம் முழுவதும் ஆர்ப்பாட்டம் நடந்தது. காலைப் படம் நேரத்தில் ஏறாவிட்டால் கேள்வி கேட்கும் அமைப்பு, மாதக்கணக்கில் தாமதித்த கூலிக்கு எந்தத் திரையில் சிவப்புக் காட்டியது? 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தின் இடத்தில் 125 நாள் வேலை என்று சொல்லும் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. அதில் பயோமெட்ரிக் அடையாளமும் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முறைகேடு கண்டறிவதும் இடம்பெற்றுள்ளன. ஆக, வரும் ஆண்டுகளில் கேமரா கூடுமே தவிரக் குறையாது.

'பிறகு திருட்டை எப்படித் தடுப்பது?'

இப்படி எழுதும்போது மூன்று மறுப்புகள் வரும், மூன்றும் நியாயமானவை. முதலாவது, செயலி இல்லாத காலத்தில் இறந்தவர் பெயரிலும் ஊரில் இல்லாதவர் பெயரிலும் கூலி எடுக்கப்பட்டதே என்பது. எடுக்கப்பட்டது. அதை மறுப்பவர் ஏழைகளுக்கு நண்பர் அல்லர். ஆனால் அமைச்சகத்தின் சுற்றறிக்கையே காட்டுவதுபோல், திருட நினைப்பவர் செயலியைக் கற்றுக்கொள்ள அதிக நாள் எடுக்கவில்லை. நேர்மையான பொறுப்பாளர்தான் பாறை ஏறுகிறார்.

இரண்டாவது மறுப்பு, சிக்னல் இல்லாத இடத்திலும் படம் எடுக்கலாம், பிறகு வலையமைப்பு உள்ள இடத்தில் ஏற்றலாம், ஆகவே மலை என்பது சாக்கு என்பது. செயலியில் அந்த வசதி இருக்கிறது என்பது சரி. ஆனால் அன்றைய நாளுக்குள் அந்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டியவர் பணித்தளப் பொறுப்பாளர். அவரும் கூலிக்கு வேலை செய்பவர். மாலை நான்கு மணிக்கு மேல் மலைப்பாதையில் ஒரு பெண் நடக்கும் கூடுதல் தூரத்துக்குச் சம்பளமும் இல்லை, பேருந்தும் இல்லை.

மூன்றாவது மறுப்பு கனமானது. 'கீழே கேட்க வேண்டும் என்கிறீர்கள். கீழே கிராம சபையில் சாதியும் காசும் தோட்ட முதலாளிகளின் சொல்லும்தானே பேசும்? ஊர் ஊழியரை நேர்மையாக மதிப்பிடும் என்பதற்கு என்ன உறுதி?' உறுதி இல்லை. கிராம சபை ஒரு தூய்மையான மேடை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இதற்கு விடை தேடியவர்கள் இருக்கிறார்கள். ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2006 முதல் நூறு நாள் வேலைக்குச் சமூகத் தணிக்கை நடத்தியபோது, கூலித் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளையே பயிற்றுவித்து, அவர்களைச் சொந்த ஊருக்கு அனுப்பாமல் வேறு ஊருக்கு அனுப்பினார்கள். வீடு வீடாகக் கேட்டு, பிறகு பொதுவில் வாசித்தார்கள். ஊரின் செல்வாக்கு அவர்கள் மேல் படியவில்லை. ஊரின் மொழி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தமிழ்நாட்டிலும் சமூகத் தணிக்கைக்கென்று தனிச் சங்கம் இருக்கிறது. அதன் கண்டுபிடிப்புகள் ஊழியர் மதிப்பீட்டின் உள்ளே வருவதில்லை என்பதே குறை.

பயனாளிக்கு ஒரு போன்

டிஜிட்டல் முறையை எப்படித் திருப்பிப் போடலாம் என்பதற்கு மற்ற தென் மாநிலங்களில் இரண்டு நல்ல முன்மாதிரிகள் உண்டு. தெலங்கானாவில் 2018இல் ரைத்து பந்து திட்டத்தின் காசோலைகளை விவசாயிகளுக்கு ஊழியர்கள் கொண்டுசேர்க்க வேண்டியிருந்தது. கார்த்திக் முரளிதரனும் அவருடைய கூட்டாளிகளும் மாநில அரசோடு சேர்ந்து, குலுக்கலில் எடுத்த சில மண்டலங்களில் ஊழியர்களிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொன்னார்கள்: உங்கள் பகுதி விவசாயிகளுக்கு போன் செய்து, காசோலை வந்ததா என்று கேட்போம். அவ்வளவுதான். ஊழியரின் கையில் புதிய செயலி எதுவும் இல்லை, அவருடைய நடமாட்டத்தை யாரும் பார்க்கவில்லை. அந்த மண்டலங்களில் காசோலை கூடுதலானவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கூடுதலாகச் சேர்ந்த ஒவ்வொரு ரூபாய்க்கும் கண்காணிப்புச் செலவு ஏறக்குறைய நான்கு காசு. எத்தனை மணிக்குப் புறப்பட்டார், எந்த வழியில் போனார் என்பதை ஊழியரிடமே விட்டுவிட்டு, போய்ச் சேர்ந்ததா என்பதை மட்டும் உரியவரிடம் கேட்டார்கள். மலைக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. அடுத்த பள்ளத்தாக்குக்குப் போக ஒரு மணி நேரம் ஆனால் என்ன, மூன்று மணி நேரம் ஆனால் என்ன? நர்ஸம்மா வந்தாரா என்று அந்தத் தாயைக் கேட்டால் போதும்.

கர்நாடகத்தின் சகாலா இன்னொரு வழி. 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 2012இல் நடைமுறைக்கு வந்தது. சான்றிதழுக்கோ உரிமத்துக்கோ விண்ணப்பித்தவுடன் ஒரு எண் கிடைக்கும். அன்றிலிருந்து கடிகாரம் ஓடும். குறித்த நாளுக்குள் வேலை முடியவில்லை என்றால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 20 ரூபாய் வீதம் விண்ணப்பதாரர் இழப்பீடு கேட்கலாம். பொறுப்பான அலுவலரிடமிருந்து அது பிடிக்கப்படும். இங்கேயும் கடிகாரம்தான். ஆனால் அது குடிமக்களின் கையில் இருக்கிறது, அதிகாரியைப் பார்த்து ஓடுகிறது. இனச்சான்றுக்காக மலையிலிருந்து சேலத்துக்கு எத்தனை முறை இறங்கி ஏறினோம் என்று கணக்குச் சொல்லும் மலையாளிக் குடும்பங்களுக்கு அந்தக் கடிகாரத்தின் அருமை விளக்கத் தேவையில்லை. இப்படியொரு சேவை உரிமைச் சட்டம் தமிழ்நாட்டுக்கும் வேண்டும் என்ற கோரிக்கை பழையது. பதியாமலே விண்ணப்பத்தைத் தள்ளிப்போடும் தந்திரம் அங்கும் முளைக்கலாம் என்பதால் அதற்கும் ஒரு காவல் தேவைப்படும்.

இவற்றை ஏற்காட்டுக்குப் பொருத்திப் பார்த்தால் பெரிய செலவு எதுவும் தெரியவில்லை. சமவெளிக்கும் மலைக்கும் 5,000, 3,000 என்று பிரித்த அதே அறிவோடு நேர வரம்புகளைப் பிரிக்கலாம். மழை, பனி, மின்தடை நாட்களில் காகித வருகை எடுக்கும் அதிகாரத்தை ஆட்சியரிடமிருந்து ஊராட்சிக்கே இறக்கலாம். பிறகு அதைச் சமூகத் தணிக்கை சரிபார்க்கட்டும். முதல்வரின் 1100 உதவி மையம் மக்கள் கூப்பிடக் காத்திருக்கிறது. அதிலிருந்து வாரம் சில குடும்பங்களை நாமே கூப்பிட்டுக் கேட்கலாம். தன்னைப் பற்றி என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்க்கவும், தவறென்றால் மறுப்பு எழுதவும் ஊழியருக்கு உரிமை தரலாம். வேலைக்கு போன் வேண்டுமென்றால் போனையும் டேட்டாவையும் வேலை கொடுப்பவர் தர வேண்டும். இதில் விவாதிக்க எதுவும் இல்லை. அங்கன்வாடியில் எடை குறைந்த பிள்ளையைக் கண்டுபிடித்துப் பதிந்ததற்கு மதிப்பெண் கூட வேண்டும், குறையக் கூடாது. அந்தப் பிள்ளை தேறியதா என்பதை அடுத்த மாதம் கேட்கலாம்.

இதற்கு நாம் வெளியூர் போக வேண்டியதுகூட இல்லை. 1980இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், சமுதாய ஊட்டச்சத்து மையத்தின் வாசலில் ஒரு பலகை இருக்கும். எத்தனை பிள்ளைகள், எத்தனை பேரை எடை பார்த்தார்கள், எத்தனை பேர் தேறவில்லை என்று பணியாளர் அதில் எழுதுவார். மேலதிகாரி பார்க்கும் எண்ணை, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் தாயும் பார்ப்பாள். எண் தவறென்றால் அங்கேயே சொல்வாள்.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. செம்மநத்தத்திலோ தலைச்சோலையிலோ அடுத்த கூட்டம் கூடும்போது, செயலிகள் மூன்று மாதமாக மேலே அனுப்பிய எண்களை ஒரே தாளில் அச்சிட்டு, தமிழில் உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டும். எத்தனை நாள் வேலை, எத்தனை பேருக்குக் கூலி பாக்கி, எத்தனை பிள்ளைகளுக்கு எடை குறைவு, எத்தனை நாள் குழாயில் தண்ணீர் வந்தது. வாசிப்பவர் ஊராட்சிச் செயலராகவே இருக்கட்டும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் யாராவது எழுந்து 'எங்க பக்கம் தண்ணி வரலையே' என்று சொன்னால், அந்த வாக்கியத்தையும் அதே செயலியில் ஏற்றுவதற்கு ஒரு கட்டம் வேண்டும். இன்று அது இல்லை.